நேற்றுவரை நன்றாக இருந்த ஆடு செத்துவிட்டது. காலையில் நீங்கள் எதைப் பார்க்கிறீர்கள்?

புதுத்தொழுவம்

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு ஏக்கரில் குடும்பமாகச் சின்னப் பண்ணை வைத்திருக்கிறோம். ஒரு கறவைப் பசு, அதன் கிடேரிக் கன்று, 7 வெள்ளாடு (இப்போது 6), 20 கோழி, 5 வாத்து, ஒரு நாய், இரண்டு பூனை. பார்த்துக்கொள்வது நானும் கணவரும் பத்து வயது மகளும்தான்.

போன வாரம் ஒரு பெட்டையாடு போய்விட்டது. முந்தின நாள் மாலை மேய்ந்தது, தண்ணீர் குடித்தது, தானாகப் பட்டிக்குள் வந்தது. விடிந்து பார்த்தால் படுத்த இடத்திலிருந்து எழ முடியவில்லை. மருத்துவர் வருவதற்குள் தலை சாய்ந்துவிட்டது. கழிச்சல் இல்லை. புழுக்கை நல்ல உருண்டையாகவே இருந்தது. அதனால் குடற்புழு என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. மருத்துவர் கீழிமையை இழுத்துக் காட்டினார். உள்பக்கம் காகிதம் போல வெளுத்திருந்தது. "இது ஒரே ராத்திரியில் வந்ததில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சொல் அன்றிலிருந்து என்னை விடவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்று மாலை மகள் அழுதுகொண்டே சொன்னாள்: "அது நாலு நாளா கடைசியாத்தான் வந்துச்சும்மா. முன்னாடி எப்பவும் ரெண்டாவதா வரும்."

நான் அதைக் கவனிக்கவே இல்லை. எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று மட்டும்தான் தினமும் பார்த்திருக்கிறேன்.

பல வகை உயிர்களை ஒன்றாக வளர்ப்பவர்கள் சொல்லுங்கள். காலையில் திறந்துவிடும்போது ஒவ்வொன்றிடமும் எதைப் பார்க்கிறீர்கள்? புத்தகத்தில் நோய்ப் பட்டியல் இருக்கிறது. எனக்கு வேண்டியது அதற்கு முந்தைய கட்டம்.

---

பட்டிக்காரன்

முதலில், மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் அக்கா. இருபது வருடமாக ஆடு வைத்திருக்கிறேன். என் முதல் மூன்று வருடத்தில் இதே மாதிரி இரண்டு போயிருக்கிறது.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ரத்தம் உறிஞ்சும் வயிற்றுப்புழுதான். ஆட்டின் நான்காவது இரைப்பையில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும். ஒரு புழு நாளொன்றுக்கு 0.05 மில்லி குடிக்கும் என்பது கணக்கு. கேட்க ஒன்றுமே இல்லை போலத்தான் இருக்கும். ஆயிரம் புழு இருந்தால் தினம் 50 மில்லி. 30 கிலோ ஆட்டின் உடம்பில் மொத்த ரத்தமே 2 லிட்டர் அளவுதான். இப்போது யோசித்துப் பாருங்கள்.

இந்தப் புழு பெரும்பாலும் கழிச்சலைக் கொண்டுவராது. எல்லோரும் ஏமாறுவது இங்கேதான். புழுக்கை நன்றாக இருக்கும், தீனியும் எடுக்கும், உள்ளே ரத்தம் மட்டும் வற்றிக்கொண்டே போகும். கொஞ்சம் முற்றினால் தாடைக்கு அடியில் நீர் கோத்துப் பை மாதிரி தொங்கும். மாலையில் மேய்ந்து திரும்பும்போது அது தெளிவாகத் தெரியும், விடிவதற்குள் குறைந்துவிடும். காலையில் மட்டும் பார்ப்பவர்கள் கண்ணில் படாது.

ஒரு கேள்வி. சமீபத்தில் வெளியிலிருந்து ஆடு ஏதாவது கொண்டுவந்தீர்களா?

---

புதுத்தொழுவம்

ஆமாம். செத்ததே அந்த ஆடுதான். ஐந்து மாதம் முன்பு வந்தது. வந்த அன்றே மற்றவற்றோடு விட்டுவிட்டோம். எல்லாம் ஒன்றாகப் பழகட்டும் என்று நினைத்தோம். வந்த ஒரே மாதத்தில் நடையில் இரண்டாம் இடத்தைப் பிடித்துக்கொண்டது, அவ்வளவு துடிப்பு.

---

பட்டிக்காரன்

அப்படியானால் மற்ற ஆறையும் இன்றே பாருங்கள். புதிதாக வருவதைக் குறைந்தது 30 நாள் தனியாக வைக்க வேண்டும். தனியாக என்றால் வேறு தண்ணீர்த் தொட்டி, வேறு தரை, அதைப் பார்த்துவிட்டுத்தான் மற்றவற்றிடம் போவது என்றில்லாமல் கடைசியாக அதனிடம் போவது. ஆடு தனிமையில் கத்தும், அது கூட்டத்தில் வாழும் உயிர். வேலிக்கு அந்தப் பக்கம் மற்ற ஆடுகள் கண்ணில் படும்படி வைத்தால் ஓரளவு அடங்கும்.

இமை பார்க்கும் விதம் சொல்கிறேன். நல்ல பகல் வெளிச்சம் வேண்டும், கொட்டகை நிழலில் பார்த்தால் எல்லாமே வெளுப்பாகத் தெரியும். மேலிமையைக் கட்டைவிரலால் மூடி, கண்ணை மெதுவாக உள்ளே அழுத்தி, இன்னொரு கட்டைவிரலால் கீழிமையைத் தாழ்த்தினால் உள்சதை பிதுங்கி வரும். உடனே பார்த்துவிட்டு விட்டுவிட வேண்டும். நீண்ட நேரம் பிடித்தால் நிறம் மாறிவிடும். இரண்டு கண்ணிலும் பார்த்து, எது மோசமோ அதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

இதற்கு ஃபமாச்சா என்று ஒரு வண்ண அட்டை இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் உருவானது. 1 என்றால் நல்ல சிவப்பு, 5 என்றால் வெள்ளை. 4, 5 வந்தால் தாமதிக்காமல் மருந்து. 3 வந்தால் ஆட்டின் நிலையைப் பார்த்து முடிவு: குட்டி, சினை, மெலிந்தது என்றால் கொடுக்கலாம். ஈரமும் வெப்பமும் சேர்ந்த காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நான் பார்ப்பேன்.

உங்கள் மகள் சொன்னதை மட்டும் விட்டுவிடாதீர்கள். அந்தப் பிள்ளையிடம் ஒரு மேய்ப்பாளின் கண் இருக்கிறது.

---

மேட்டுக்கொல்லை

இவ்வளவு சிரமம் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லா ஆட்டுக்கும் குடற்புழு மருந்து ஊற்றிவிடுகிறேன். காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன். ஆறு வருடமாகப் புழுவால் ஒன்றும் சாகவில்லை. வேலைக்குப் போய்க்கொண்டே பண்ணை பார்ப்பவனுக்கு ஒவ்வொரு ஆட்டின் இமையையும் புரட்ட நேரம் எங்கே இருக்கிறது?

---

மருந்துப்பெட்டி

கால்நடை மருத்துவத்தில் வேலை செய்கிறேன். மேட்டுக்கொல்லை அண்ணாவின் நேரப் பிரச்சினை உண்மையானது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் எல்லா ஆட்டுக்கும் ஒரே நாளில் ஊற்றும்போது, மருந்துக்குத் தப்பும் புழுக்கள் மட்டும் மிஞ்சுகின்றன. அவை போடும் முட்டைதான் அடுத்த தலைமுறை. ஒரு பெண்புழு நாளுக்குச் சுமார் 5,000 முட்டை போடும். சில வருடத்தில் அந்தப் பண்ணையில் அந்த மருந்து தண்ணீர் மாதிரி ஆகிவிடும். ஒரு கூட்டத்தில் பெரும்பகுதிப் புழுவைச் சுமப்பது சில ஆடுகள்தான். அவற்றை மட்டும் கண்டுபிடித்துக் கொடுத்தால், மருந்து படாத சாதுவான புழுக்கள் மற்றவற்றில் மிஞ்சி, எதிர்ப்புள்ள புழு பெருகுவதைத் தள்ளிப்போடும்.

உங்கள் மருந்து இன்னும் வேலை செய்கிறதா என்று தெரிய ஒரு வழி உண்டு. கொடுக்கும் அன்று புழுக்கையைப் பரிசோதனைக்குக் கொடுங்கள், 10 முதல் 14 நாள் கழித்து மறுபடி கொடுங்கள். முட்டை எண்ணிக்கை 95 சதவீதத்துக்கு மேல் குறைந்திருக்க வேண்டும். அப்புறம், செம்மறிக்குச் சொன்ன அளவையே வெள்ளாட்டுக்குக் கொடுத்தால் பல மருந்துகளில் போதாது. வெள்ளாட்டின் உடம்பு மருந்தைச் சீக்கிரம் வெளியேற்றிவிடும். அளவை உங்கள் மருத்துவரிடம் எடையைச் சொல்லிக் கேளுங்கள், கண்ணளவில் ஊற்றாதீர்கள்.

புதுத்தொழுவம் அக்காவுக்கு ஒரு முக்கியமான செய்தி, இதைப் படிக்கும் எல்லோருக்கும்தான். ஆடோ மாடோ திடீரென்று செத்து, வயிறு வேகமாக உப்பி, மூக்கு, வாய், ஆசனவாயில் கருத்த ரத்தம் உறையாமல் வடிந்தால், காரணம் பார்க்கிறேன் என்று அறுத்துவிடாதீர்கள். அடைப்பான் நோயாக இருக்கலாம். உடலைத் திறந்தால் காற்றுப் பட்டு அந்தக் கிருமி வித்தாக மாறும். மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும். மனிதருக்கும் வரும். தொடாமல், நாயையும் கோழியையும் அண்டவிடாமல், மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

நாய் என்றதும் ஞாபகம் வருகிறது. செத்த ஆட்டின் குடல், ஈரல், நுரையீரலை நாய்க்குப் பச்சையாகப் போடக் கூடாது. அதிலிருக்கும் நீர்க்கட்டிகளிலிருந்து நாயின் குடலில் நாடாப்புழு வளரும். நாயின் கழிவு வழியாக அது ஆட்டுக்கும் வீட்டுக் குழந்தைக்கும் போகும். பண்ணை நாய்க்கும் புழு மருந்து முறையாகக் கொடுக்க வேண்டும். பலர் ஆட்டுக்குக் கொடுப்பார்கள், நாயை மறந்துவிடுவார்கள்.

---

கறவைக்கை

நான் மாட்டுக்காரி, ஆட்டைப் பற்றி அதிகம் தெரியாது. மாட்டில் நான் பார்ப்பதைச் சொல்கிறேன்.

தொழுவத்துக்குள் நுழைவதற்கு முன்னால் வாசலில் நின்றுவிடுவேன். உள்ளே போய்விட்டால் எல்லாம் எழுந்துவிடும், அப்புறம் எதுவும் தெரியாது. படுத்திருக்கும் மாடு அசை போடுகிறதா? அதுதான் முதல் கேள்வி. கவனித்துப் பாருங்கள். தொண்டை வழியாக ஒரு கவளம் மேலே ஏறுவது வெளியிலேயே தெரியும், ஒரு பந்து உருண்டு வருவது மாதிரி. பிறகு 40 முதல் 70 தடவை மெல்லும். விழுங்கும். சில நொடி சும்மா இருக்கும். அடுத்த கவளம் ஏறும். இந்தத் தாளம் நின்றுபோனால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

அப்புறம் இடது பக்கம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே ஒரு குழி இருக்குமே, அது எப்போதும் லேசாக உள்வாங்கி இருக்க வேண்டும். மேடாகி, தட்டினால் மத்தளம் போலக் கேட்டால் உப்புசம். மழை ஈரத்தில் இளம் பயறு வகைத் தீவனத்தைப் பசியோடு தின்றால் வரும். அதனால் முதலில் கொஞ்சம் உலர்தீவனம், அது இறங்கிய பிறகுதான் பசுந்தீவனம்.

ஒருமுறை இரவில் தானியம் வைத்த அறைக் கதவு சரியாகச் சாத்தாமல், கிடேரி உள்ளே போய் அரை மூட்டை தின்றுவிட்டது. காலையில் பார்க்க ஒன்றும் ஆகவில்லை, நின்றுகொண்டு என்னையே பார்த்தது. பக்கத்தில் எல்லோரும் பொறுத்துப் பார்க்கச் சொன்னார்கள். நான் உடனே மருத்துவரை வரவழைத்தேன். தானியம் வயிற்றில் புளித்து அமிலமாக மாறப் பல மணி நேரம் ஆகும், நாம் அறிகுறியைப் பார்க்கும்போது பாதி விஷயம் முடிந்திருக்கும் என்று அவர் சொன்னார். அந்தக் கிடேரி பிழைத்தது. இப்போது மூன்று ஈற்று ஆகிவிட்டது. அறைக்கு இரண்டு தாழ்ப்பாள் போட்டிருக்கிறேன். வெள்ளாடு இருக்கும் வீட்டில் ஒற்றைத் தாழ்ப்பாள் பத்தாது, நாக்காலேயே திறக்கும்.

கறக்கும்போது முதல் இரண்டு பீச்சைக் கருப்புத் துணி போட்ட கிண்ணத்தில் விட்டுப் பாருங்கள். சின்னத் திரி, கட்டி தெரிந்தால் மடிநோய் ஆரம்பம். மடி சிவந்து வீங்குவதற்கு முன்பே அங்கே தெரிந்துவிடும்.

கன்று ஈன்ற மூன்று நாளைக்கு மாட்டின் காதைத் தொட்டுப் பார்ப்பேன். பால் சுரம் என்று பெயர் வைத்துவிட்டார்கள், ஆனால் அதில் உடம்பு சுடாது. காது சில்லென்று இருக்கும், கழுத்தை மடக்கிப் பக்கவாட்டில் போட்டுப் படுத்துக்கொள்ளும். ரத்தத்தில் கால்சியம் சட்டென்று இறங்குவதால் வருவது. காலத்தில் ஊசி போட்டால் கண்முன்னாலேயே எழுந்து நிற்கும். தாமதித்தால் போய்விடும்.

---

அடைக்கோழி

கோழிக்காரர்கள் யாரும் இன்னும் வரவில்லையே, நான் எழுதுகிறேன்.

கோழி கடைசிவரை நோயை மறைக்கும். சோர்ந்து தெரிந்தால் கூட்டத்திலிருக்கும் மற்றதே கொத்தித் தள்ளிவிடும். அதனால் காலையில் இரை போடும்போது எல்லாம் ஓடிவரும், நோய்ப்பட்டதும் சேர்ந்து ஓடிவரும், தரையைக் கொத்துவது போலக் காட்டும், தின்னாது. இதை நான் நேராகவே பார்த்திருக்கிறேன். ஆகவே கோழியைப் பார்க்க நல்ல நேரம் இரவுதான். அடைந்த பிறகு டார்ச்சை மங்கலாக வைத்துக்கொண்டு ஒவ்வொன்றின் கழுத்தடியில் கை வையுங்கள். தீனிப்பை நிறைந்திருக்க வேண்டும். காலையில் காலியாக இருக்க வேண்டும். இரவில் காலியாக இருந்தால் அது அன்று தின்னவில்லை. காலையிலும் நிறைந்து கல்லாக இருந்தால் அடைத்துக்கொண்டது. அப்படியே விரலை மார்பெலும்புக்கு இறக்குங்கள். இரண்டு பக்கமும் சதை இருக்க வேண்டும். கத்தி முனை போல எலும்பு தட்டினால் அந்தக் கோழி பல நாளாக மெலிந்துகொண்டிருக்கிறது. இறகு இதையெல்லாம் மறைத்துவிடும்.

டார்ச்சோடு இருக்கும்போதே கம்பின் அடிப்பக்கத்தையும் இணைப்பு விரிசல்களையும் பாருங்கள். சிவப்புச் செள்ளுப்பூச்சி பகலில் கோழி மேல் இருக்காது, விரிசலுக்குள் இருக்கும். இரவில்தான் ஏறி ரத்தம் குடிக்கும். ஒரு வெள்ளைத் துணியால் கம்பின் அடியைத் துடைத்தால் ரத்தக் கோடு விழும். கொண்டை வெளுத்து, முட்டை குறைந்து, இரவில் கூண்டுக்குள் போக மறுத்தால் முதலில் இதைத்தான் சந்தேகப்படுவேன்.

உங்கள் மகள் சொன்ன வரிசை விஷயம் கோழியில் இன்னும் தெளிவாக இருக்கும். யார் யாரைக் கொத்தலாம், யார் முதலில் தின்னலாம் என்று ஒவ்வொன்றுக்கும் இடம் உண்டு. நார்வேயைச் சேர்ந்த தோர்லீஃப் ஷெல்டெருப்-எப்பே 1921இல் இதை ஆய்வாகவே எழுதினார். அவர் சின்ன வயதிலிருந்தே கோழிகளைப் பார்த்துக் குறித்துக்கொண்டே வளர்ந்தவர். என் கூண்டில் மேல்கம்பில் வலது ஓரம் எப்போதும் ஒரே கோழிக்குத்தான். ஒருநாள் அது கீழ்க்கம்பில் உட்கார்ந்திருந்தது. தூக்கிப் பார்த்தேன், வயிறு கெட்டியாக இருந்தது, முட்டை உள்ளே சிக்கியிருந்தது. வெளியில் வேறு எந்த அறிகுறியும் இல்லை.

---

வாத்துமடை

வாத்தையும் கோழியையும் ஒன்றாக அடைக்கிறீர்களா அக்கா? அப்படி என்றால் கொஞ்சம் பிரித்துவிடுங்கள். வாத்து தண்ணீர்த் தொட்டியில் அலகையும் மூக்கையும் முழுக்க முக்கிக் கழுவ வேண்டும், இல்லையென்றால் கண்ணும் மூக்கும் அடைத்துக்கொள்ளும். அது கழுவும்போது சுற்றுமுற்றும் சேறாகும். அந்த ஈரத்தில் கோழிக்குஞ்சுக்கு ரத்தக்கழிச்சல் வரும். ஆண்வாத்து பெட்டைக்கோழி மேல் ஏறினாலும் கோழிக்குக் காயம்.

வாத்துக்குஞ்சில் நான் பார்ப்பது கால். கோழிக்குஞ்சுத் தீவனத்தில் இருக்கும் நியாசின் என்ற வைட்டமின் அதற்குப் போதாது, கால் வளைந்து தள்ளாடும். தீவனத்தில் உணவு ஈஸ்ட் தூவினால் சரியாகும், ஆரம்பத்திலேயே கவனித்தால்.

---

மேட்டுக்கொல்லை

மருந்துப்பெட்டி தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். இந்த முறை ஊற்றுவதற்கு முன்னும் பின்னும் புழுக்கையைக் கொடுத்துப் பார்க்கிறேன். முடிவு வந்ததும் இங்கேயே எழுதுவேன்.

ஆனால் நேரம் என்னும் பேச்சு அப்படியே நிற்கிறது. கறவைக்கை அக்கா சொன்ன வாசலில் நிற்பது, அடைக்கோழி சொன்ன இரவு டார்ச், இமை, மடி என்று கூட்டினால் தினம் ஒரு மணி நேரம் ஆகிவிடும். எனக்கு அரை மணி நேரம்தான்.

---

பட்டிக்காரன்

அண்ணா, எல்லாவற்றையும் தினமும் தொட வேண்டாம். திறந்துவிடும்போது ஓரமாக நின்று வரிசையைப் பாருங்கள். எது முதலில், எது கடைசியில், எது தனியாக. அதற்கு மூன்று நிமிடம். இடம் மாறியதை மட்டும் பிடித்து இமை பாருங்கள். மற்றவற்றுக்கு இரண்டு வாரக் கணக்கு போதும். அந்த மூன்று நிமிடத்தில் போனைக் கையில் எடுக்கக் கூடாது, அவ்வளவுதான். அதுவும் பத்தவில்லை என்றால் ஆட்டைக் குறைக்கலாம். நான் 40லிருந்து 22க்கு வந்தேன். 22இன் முகமும் தெரியும். 40இல் தெரியவில்லை.

மேய்ச்சலில் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். புழுக்குஞ்சு பெரும்பாலும் புல்லின் அடியில், தரையிலிருந்து 5 செ.மீ. உயரத்துக்குள் இருக்கும். புல்லை மொட்டையாக மேயவிட்டால் ஆடு அதைத்தான் தின்னும். வெள்ளாட்டுக்குத் தழை, குச்சி, செடிதான் இயல்பு. தழையைக் கட்டித் தொங்கவிட்டாலே பாதிப் பிரச்சினை குறையும். பசுவை ஒரு துண்டில் முதலில் மேயவிட்டால் ஆட்டுப்புழுவின் குஞ்சுகளை அது தின்றுவிடும், வளர்ந்த மாட்டில் அவை பெரும்பாலும் பிழைப்பதில்லை.

---

இரண்டுகுட்டி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்களிடம் வெள்ளாட்டோடு இரண்டு செம்மறியும் இருக்கிறது. ஒரே தாது உப்புக் கட்டியை எல்லாவற்றுக்கும் வைக்கலாமா?

---

மருந்துப்பெட்டி

வெள்ளாட்டுக்கான கட்டியைச் செம்மறி நக்க விடாதீர்கள். வெள்ளாட்டுக்குத் தாமிரம் தேவை. செம்மறிக்கு அதே அளவு தாமிரம் ஈரலில் சேர்ந்துகொண்டே போகும். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஒன்றும் தெரியாது. ஒருநாள் ஏதாவது அலைச்சல், அதிர்ச்சி என்றால் மொத்தமாக ரத்தத்தில் இறங்கி, கண் மஞ்சளாகி, சிறுநீர் கருஞ்சிவப்பாகி, ஓரிரு நாளில் செத்துவிடும். இதுவும் 'நேற்றுவரை நன்றாக இருந்த ஆடு' வகைதான். இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்றால் செம்மறிக்கான கட்டியை வையுங்கள், வெள்ளாட்டுக்குத் தாமிரம் தனியாகக் கொடுப்பது பற்றி மருத்துவரிடம் பேசுங்கள்.

இன்னொன்று, தீவனம் வைக்கும் பரணில் பூனை மலம் கழிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதன் வழியாக வரும் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி சினை ஆட்டுக்குக் கருச்சிதைவை உண்டாக்கும்.

---

புதுத்தொழுவம்

மூன்று வாரம் ஆகிவிட்டது, தாமதத்துக்கு மன்னியுங்கள்.

ஆறையும் வெயிலில் நிறுத்தி இமை பார்த்தோம். முதல் நாள் எங்களுக்குக் கையே பழகவில்லை, கணவர் பிடிக்க நான் புரட்டினேன். நான்கு நல்ல சிவப்பு. ஒன்று இளஞ்சிவப்பு. ஒன்று, காது நுனி கிழிந்த கிழட்டுப் பெட்டை, கிட்டத்தட்ட வெள்ளை. அதன் தாடைக்கு அடியில் மாலையில் விரல் வைத்தால் மெத்தென்று அமுங்கியது. மருத்துவர் எடை போட்டு அளவு சொன்னார். அந்த ஒன்றுக்கும் இளஞ்சிவப்புக்கும் மட்டும் கொடுத்தோம். மற்ற நான்குக்கும் கொடுக்கவில்லை. கொடுக்காமல் இருப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது, உண்மையைச் சொல்கிறேன்.

பூனைகள் இப்போது பரணுக்கு ஏற முடியாது, தகரம் அடித்துவிட்டோம். வாத்துக்குத் தனி அடைப்பு. கன்றுக்குட்டி நேற்று வாசலில் நின்ற என்னைப் பார்க்காமலே அசை போட்டுக்கொண்டிருந்தது. கறவைக்கை அக்கா சொன்ன அந்த உருண்டை தொண்டையில் ஏறுவதை முதல் தடவையாகப் பார்த்தேன்.

மகள் ஒரு நோட்டு போட்டிருக்கிறாள். தினமும் பட்டி திறக்கும்போது ஆறு பெயரையும் வரும் வரிசைப்படி எழுதுகிறாள். கிழட்டுப் பெட்டை பத்து நாள் ஆறாவது இடத்தில் இருந்தது. போன செவ்வாய் ஐந்து. இன்று காலை மூன்றாவதாக வந்தது, முன்னால் நின்ற கிடாவை முட்டித் தள்ளிவிட்டுத்தான் வந்தது. இமை இப்போது வெளிர்சிவப்பு.

---

பட்டிக்காரன்

இரண்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள் அக்கா. அந்த நோட்டை மழையில் நனையவிடாமல் வைக்கச் சொல்லுங்கள்.

---

மேட்டுக்கொல்லை

பரிசோதனை முடிவு வந்தது. கொடுத்த 12 நாள் கழித்தும் முட்டை பாதிக்கு மேல் அப்படியே இருக்கிறது. ஆறு வருடமாக ஒரே மருந்து. நாளைக்கு மருத்துவரைப் பார்க்கப் போகிறேன். மருந்துப்பெட்டி தம்பி, புழுக்கை அறிக்கையைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன், ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள்.